கமலாத்தாள் கட்டிய உப்புக் கவர்

பூபதிராஜாவின் காரைக் கொன்றது கமலாத்தாள்தான். ஆறு வருடமாக அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். வடகரப்பதி கார் ஸ்டாண்டில் சொன்னான். கல்யாண மண்டபத்து வாசலில் மற்ற டிரைவர்களோடு கடைசிப் பந்திக்குக் காத்துக் கிடக்கும்போது சொன்னான். கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வெளியே, ஊர் பேர் தெரியாத ஆளிடம்கூட, “எங்கூர்ல ஒரு அம்மா வாட்டர் சர்வீஸ் வெச்சிருக்குதுங்க, அது பண்ணுன காரியத்தெக் கேளுங்க” என்று ஆரம்பித்துவிடுவான். அவள் ஷெட்டைத் தாண்டிப் போக வேண்டி வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நேரே பார்த்து ஓட்டுவான். முன்பெல்லாம் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவான். அப்புறம் ‘அந்தம்மா’ ஆகிப்போனாள்.

கமலாத்தாள் யாரென்று சொல்லிவிட வேண்டும்.

வடகரப்பதியிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டோரம் ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு அவளுடையது. புருஷன் கோயமுத்தூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிற ஆள். தோப்புக்கென்று தொள்ளாயிரம் அடிக்கு போர் போட்டாள். தண்ணீர் வந்தது, ஆனால் உப்பு. ஒரு கோடைக்குப் பாய்ச்சியதில் மட்டை நுனியெல்லாம் கருகிவிட்டது. அந்தப் பக்கத்தில் இது பத்துப் பேருக்கு நடந்ததுதான். பத்துப் பேரும் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு லாரித் தண்ணீர் வாங்கினார்கள். கமலாத்தாள் வேறு கணக்குப் போட்டாள். மரம் இந்தத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்கிறது. வண்டி குடிக்க வேண்டாமே, குளித்தால் போதுமே. ரோட்டை ஒட்டி சிமெண்டில் மேடை கட்டினாள், நடுவில் பள்ளம் விட்டாள், மேலே தகரம் போட்டாள், பழைய பிரஷர் பம்பு ஒன்று வாங்கி வைத்தாள். தோட்டத்து மோட்டாருக்கு வேறு கரண்டு, இதற்கு வேறு கரண்டு என்று போர்டுக்காரர்கள் சொன்னபோது அதற்கும் தனி மீட்டர் வாங்கினாள்.

முதலில் வந்தவர்கள் கள்ளு வண்டிக்காரர்கள். கழுவ வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

“ஏனுங்கக்கா, எருமையாட்டம் தேச்சுக் குளுப்பாட்டி உடுவீங்களா?”

“எருமையா இருந்தாச் சும்மாவே குளுப்பாட்டுவேன் சாமி, பாலு குடுக்கும். நீ என்ன குடுப்பே?”

அன்றைக்கே அந்த வண்டி மேடையேறியது.

உப்புத் தண்ணீரில் வண்டி கழுவுவது லேசான வேலை இல்லை. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். அதனால் கடைசி ரெண்டு குடம் மழைத் தண்ணீரில் அலசுவாள். அதற்கென்று தகரத்தின் கீழே ஒரு தொட்டி. அப்புறம் கிழிந்த வேட்டித் துணியால், ஒரு சொட்டுக்கூட காய்வதற்கு முன்னால் துடைத்துவிடுவாள். பதினோரு மணிக்கு மேல் நாலு மணி வரை யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள், வெயில் தன் கையை முந்திக்கொள்ளும் என்று. இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தாள். பானட்டைத் திறக்க மாட்டாள். “மூடிக்கு உள்ள இருக்கறது உங்க மெக்கானிக்கு பாடு. மூடிக்கு வெளிய இருக்கறதுதான் எம்பாடு” என்பாள். ஸ்டாண்டில் இருந்த பதினேழு காரும் அவளிடம்தான் போயின.

பூபதிராஜாவும் போனான். அவன் லேசில் யாரிடமும் வண்டியை விடுகிறவன் இல்லை. சின்ன வயதில் ஒரு பஞ்சர் கடையில் அவனுடைய புது ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு மொட்டை டயரை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, வொர்க்‌ஷாப்பில் விட்டால் ஓடின கிலோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்வான். டீசல் முள் நிற்கும் இடத்தை மனதில் குறித்துக்கொள்வான். கமலாத்தாள் ஷெட்டில் மட்டும் அவன் ஒன்றும் குறித்ததில்லை. அவளை மட்டும் நம்பினான். அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை.

அந்தக் காருக்கு அவன் ஒரு வேலை செய்திருந்தான். காந்தலூருக்கு டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு அடிக்கடி போவான். மறையூர் தாண்டி ஏறும்போது ஏ.சி. போட்டால் வண்டி திணறும். காந்தலூரில் ஜீப் ஓட்டுகிற ஜின்சன், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன், அதைப் பார்த்து ஒருநாள் சிரித்தான்: “என்ன அண்ணாச்சி, வண்டிக்கு ஆஸ்துமாவா?” பூபதிராஜாவுக்கு அது குத்திவிட்டது. அடுத்த வாரமே கோயமுத்தூரில் ஒரு கடையில் போய் நின்றான். கடைக்காரன், கம்பெனி கொடுத்த காற்றுப் பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, சிவப்பாகக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை மாட்டினான். மேலே எஞ்சின் சூட்டில் வைக்கக் கூடாது, குளிர்ந்த காற்று கீழேதான் கிடைக்கும் என்று, பைப்பை வளைத்துக் கொண்டுவந்து முன் பம்பருக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டான். மழைக்கு என்ன செய்வது என்று பூபதிராஜா கேட்கவில்லை. கடைக்காரனும் சொல்லவில்லை. மறையூர் ஏற்றத்தில் கார் உறுமிக்கொண்டு ஏறியது. ஜின்சன் வாயை மூடிக்கொண்டான். அதுவே போதுமென்று இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை. ஒரு வெள்ளிக்கிழமை காரை மேடையில் ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே டீக்கடைக்குப் போனான். பன்னிரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது கமலாத்தாள் பம்பருக்குக் கீழே குந்தி உட்கார்ந்து எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையில் கல் உப்பு வருகிற பிளாஸ்டிக் கவர், நனைந்து சொட்டியது.

“ஏனுங் தம்பி, இதென்னுங்க புதுசாக் கீழ தொங்குது? இதுக்குள்ள தண்ணி போயிராதுங்களா?”

“அதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்கக்கா.”

அடுத்த நாள் காலை, கஞ்சிக்கோட்டுக் கம்பெனி ஒன்றின் மேனேஜரைப் பாலக்காடு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகையில், ஹைவேயில் ‘டணார்’ என்று ஒரு சத்தம். கீழே எண்ணெய் ஆறாக ஓடியது. மேனேஜர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் கை காட்டினார். கயிறு கட்டி இழுத்து வந்து குப்பண்ணன் வொர்க்‌ஷாப்பில் பிரித்தார்கள். பிஸ்டனைத் தாங்குகிற ராடு ஒன்று ஒடிந்து எஞ்சின் சுவரையே ஓட்டை போட்டிருந்தது. இன்னொன்று வில் மாதிரி வளைந்திருந்தது.

“எப்பவோ தண்ணி குடிச்சிருக்குது பூபதி” என்றார் குப்பண்ணன். “காத்தெ அமுக்கலாம், தண்ணியெ அமுக்க முடியாது. அமுக்கப் போனா ராடு வளையும். வளைஞ்சது நாலு நாளைக்கு ஓடும், அப்பறம் ஒடியும். ஆத்துல கீத்துல எறக்குனியா?”

“இல்லீங்கண்ணா. கோரையாத்துத் தரைப்பாலம், அந்தச் சப்பாத்துல வந்தேன், அதும் தூண்ல அடிச்ச ரெண்டாம் பட்டைக்குக் கீழதான் தண்ணி. எப்பவும் வாரதுதான்.”

குப்பண்ணன் ‘எப்பவோ’ என்றார். பூபதிராஜாவின் காதில் ‘தண்ணி’ மட்டும் விழுந்தது. நேற்றுத்தானே கழுவினது. அதோடு அந்த நனைந்த கவர், அந்தக் கேள்வி. உள்ளே தண்ணீர் போயிருந்தால்தானே ‘போயிராதா’ என்று கேட்கத் தோன்றும்? போனது தெரிந்துதான், இவன் வாயைக் கிண்டிப் பார்த்திருக்கிறாள். நேராக ஷெட்டுக்குப் போனான். மேடையில் வேறு ரெண்டு கார், சுற்றிலும் ஆள்.

“பானட்டுக்குள்ள தண்ணி அடிச்சீங்களா?”

“மூடி தொறக்கவே இல்லீங்களே. வண்டியப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போனது நீங்கதானுங்?”

“கீழ இருந்து அடிச்சா உள்ள போகாதா?”

“கீழ தொங்குனதுக்குத்தான் உப்புக் கவரக் கட்டுனேன். என்ன சாமானோ, நனைஞ்சா ஆகுமோ ஆகாதோன்னு. அவுக்கும்போது நீங்களே பாத்தீங்களே.”

“தண்ணி போயிராதான்னு எதுக்குக் கேட்டீங்க அப்ப? போனதுனாலதான கேட்டீங்க?”

கமலாத்தாள் பம்பை நிறுத்தினாள். “தெரியாமக் கேட்டுப்போட்டனுங்க” என்றாள். “இனி யாரு வண்டியப் பத்தியும் நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன்.”

அதோடு சரி. அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு ஒரு வேளை சந்தேகம் வந்திருக்கும். பேசாமல் இருந்தாள், அதனால் குற்றம் உறுதியாகிவிட்டது. ஃபில்டர், பைப்பு, ஒடிந்த ராடு எல்லாவற்றையும் கழற்றின அன்றைக்கு ராத்திரி இருட்டிலேயே ஒரு சாக்கில் போட்டு, கம்பியால் முறுக்கி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, வீட்டுப் பரண்மேல் போட்டான். கேஸ் போடுவதற்குச் சாட்சி. பாலக்காட்டு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அவங்க தண்ணி அடிச்சதை நீங்க பார்த்தீங்களா?” அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவன் டீக்கடையில் இருந்தான். கேஸ் போடவில்லை. வாயால் போட்ட கேஸே போதுமானதாக இருந்தது.

மூன்று மாதத்தில் பதினேழு காரும் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டன. கமலாத்தாளிடம் பால் வண்டியும் டூவீலரும் மிஞ்சின. யாரோ பஞ்சாயத்துக்கு, ஷெட்டுத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறதென்று பெயர் போடாமல் எழுதினார்கள். எழுதினது பூபதிராஜா என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதை மட்டும் அவன் எழுதவில்லை. குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினான், ஒருத்தரும் நம்பவில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அன்றைக்காவது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவளே எழுதிவிட்டு இவன் பெயரைப் பரப்புகிறாள் என்று நினைத்தான்.

இந்த வருடம் புரட்டாசியில் ஸ்டாண்டில் ஒரு சேதி: கமலாத்தாள் இந்த மாதத்தோடு ஷெட்டை மூடுகிறாள், பம்பைக் கொடுத்துவிடப் போகிறாள். “உன்ற சாபம் பலிச்சுப்போச்சுடா பூபதி” என்று ஒருத்தன் சிரித்தான். பூபதிராஜாவும் சிரித்தான். சிரிப்பு முழுசாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியாமல், அந்த வாரம் காந்தலூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனான்.

அவர்கள் பழத்தோட்டத்துக்குள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஜின்சனிடம் பழைய கதையை எடுத்தான். நியாயம் தன் பக்கம் என்று இன்னொரு தடவை கேட்க ஆசை. ஜின்சன் கடைசிவரை கேட்டான்.

“அந்த ஃபில்டரு எங்கன இருந்துச்சு அண்ணாச்சி?”

பூபதிராஜா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.

ஜின்சன் தன் ஜீப்பைக் காட்டினான். காற்று இழுக்கிற குழாய் பக்கவாட்டில் ஏறி, கூரை உயரத்துக்கு நின்றது. “நாங்க மூக்கத் தலைக்கு மேல வச்சுக்கிட்டு ஓடையில எறங்குறோம். நீங்க மூக்க முட்டங்கால்ல வச்சுக்கிட்டு ஆத்துல எறங்குனியளாக்கும்?”

“ஆறெல்லாம் இல்லப்பா, சப்பாத்து. தூண்ல பட்டை அடிச்சிருக்குது. மொதப் பட்டை வரைக்கும் பைக்கு போலாம், ரெண்டாம் பட்டை வரைக்கும் காரு போலாம், அதுக்கு மேலன்னா டிராக்டருதான். எங்கப்பங் காலத்துல இருந்து அதுதான் அளவு. தண்ணி ரெண்டுக்குக் கீழதான் இருந்துது.”

“அந்தப் பட்டைய அடிச்சவன் உங்க ஃபில்டரப் பாத்தா அடிச்சான்?”

பூபதிராஜா ஜீப்பின் குழாயை அண்ணாந்து பார்த்தான்.

“சரி, அந்தம்மா கழுவுறப்போ எஞ்சின் ஓடிச்சா?”

“பூட்டிச் சாவி எம்பையில இருந்துது.”

“ஓடாத எஞ்சின் என்னத்த உறிஞ்சும் அண்ணாச்சி? நீங்க மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்தா, ஒருத்தன் மூஞ்சில தண்ணி ஊத்துனா, குடிச்சிருவியளா? ஃபில்டரு நனையும், ஸ்டார்ட் பண்ணயில கொஞ்சம் இருமும். ராடு வளையுத அளவுக்குத் தண்ணி வேணும்னா, வண்டி ஓடிக்கிட்டே குடிச்சிருக்கணும்.”

இவனுக்கும் அந்தம்மாவுக்கும் என்ன தொடர்பு என்றுதான் பூபதிராஜாவுக்கு முதலில் தோன்றியது. எஸ்டேட்டுக்காரனுக்கும் வடகரப்பதிக்காரிக்கும் எப்படிப் பழக்கம்? இல்லையென்றால், ஆஸ்துமா என்று கேலி பண்ணி ஃபில்டர் மாட்ட வைத்ததே இவன்தானே, தன் மேல் பழி வராமல் பேசுகிறானோ? சின்னார் காட்டு வழியாக இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தரைச் சந்தேகப்பட்டான். ஜின்சன், கோயமுத்தூர் கடைக்காரன், குப்பண்ணன். உடுமலை வருவதற்குள் ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த விக்கல் ஞாபகம் வந்தது.

கழுவ விட்டதற்கு நாலு நாள் முன்னால், திங்கட்கிழமை, கோரையாற்றுச் சப்பாத்து. தண்ணீர் பழுப்பாக ரோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது. தூணைப் பார்த்தான், ரெண்டாம் பட்டை தெரிந்தது, இறங்கினான். நடுவில் வரும்போது கார் ஒரே ஒரு தடவை விக்கியது. வேகம் குறைந்து, ஒரு உதறு உதறி, மறுபடி எடுத்துக்கொண்டது. அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தான். கரை ஏறினதும் மறந்துவிட்டான். அப்புறம் நாலு நாளும் எஞ்சினில் லேசாக ஒரு தட்டல் கேட்டது. டீசல் சரியில்லை என்று பங்க்காரனைச் சந்தேகப்பட்டான்.

மறுநாள் சாக்கைப் பரணிலிருந்து இறக்கி, குப்பண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

“இப்ப என்னத்துக்குடா இது?”

“சும்மாதானுங்கண்ணா. பாக்கலாம்னு.”

அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தான். உடைந்திருந்தால் யாரோ திறந்து உள்ளே ஏதோ பண்ணிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். உடையவில்லை. முடிச்சு அவன் போட்டதுதான். குறட்டால் வெட்டினான்.

ஃபில்டரும் பைப்பும் ஒன்றாகவே வந்தன. குப்பண்ணன் வெளிச்சத்தில் திருப்பினார். கூம்பின் மடிப்புக்கெல்லாம் உள்ளே கறுப்பு மண், காய்ந்து ஓடு மாதிரி. அந்தக் கறுப்பு, பைப்பின் வெளிப்பக்கம் ஒரு சாண் ஏறி, ஒரு இடத்தில் கத்தியால் கீறினது போல நின்றது. அங்கே கயிறு இறுக்கின தடம், சுற்றிலும் ஒரு வளையம். வளையத்துக்கு மேலே கறுப்பு இல்லை. பைப்பின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி.

“கவரு கட்டுன எடம் இது” என்றார் குப்பண்ணன். “அதுக்கு மேல அந்தம்மா தண்ணி பட்டிருக்குது, மண்ணு கழுவிப் போச்சு. அதுக்குக் கீழ ஒரு சொட்டு படுல. பட்டிருந்தா இந்த மண்ணு நின்னிருக்குமா? இது ஆத்துத் தண்ணியில வந்த கரிசலு. ஆத்துல எறக்குனியான்னு அன்னைக்கே கேட்டேனா இல்லியா?”

“ரெண்டாம் பட்டைன்னு சொன்னேனுங்களே.”

“பட்டை பட்டைன்னா? பட்டை அங்கயேதான் இருந்துது. மூக்கக் கீழ எறக்குனது நீயி.”

ஆறு வருடமாகக் கையால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது அவன்தான். ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். தெரிந்த விஷயத்தை யார் அவிழ்த்துப் பார்ப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் காரை ஷெட்டுக்கு முன்னால் ரோட்டோரம் நிறுத்தினான். இது பழைய கார் இல்லை, பிறகு வாங்கினது, காந்தலூர் செம்மண் இன்னும் கதவில் இருந்தது. எதிரே டீக்கடையில் ஸ்டாண்டுக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு டம்ளரும் வாய்க்குப் போகாமல் நின்றன. கமலாத்தாள் ஒரு மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கையில் அதே வேட்டித் துணி. பார்த்தாள், நிமிரவில்லை.

“யாரு அனுப்புனாங்க?”

“யாரும் அனுப்புலீங்கக்கா.”

‘அக்கா’ என்றதும் ஒரு அடி பின்னால் போனாள். “மூடறதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குது. அதுக்குள்ள என்ன வேணுமாம்? பஞ்சாயத்துக்கு இன்னொரு கடுதாசியா?”

“அது சத்தியமா நான் எழுதுலீங்க.”

“செரி.”

அந்த ‘செரி’யில் நம்பிக்கை துளிகூட இல்லை. அவன் ஃபில்டரை எடுத்து மேடை விளிம்பில் வைத்தான். கமலாத்தாள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கையால் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஒரு மடிப்பைச் சுரண்டி, விரலில் தேய்த்தாள்.

“கரிசலு. சப்பாத்துத் தண்ணி.” பைப்பின் மேல் இருந்த புள்ளியைத் தொட்டாள். “இது என்ற தண்ணி.” நடுவில் இருந்த வளையத்தில் விரலை வைத்துச் சுற்றினாள். “ரெண்டு சுத்து சுத்திக் கட்டுனேன். தேங்கா நாருதான் கைக்குக் கெடச்சுது.”

“ஆமாங்கக்கா.”

“இது எப்பப் பாத்தீங்க?”

“முந்தாநேத்துங்க.”

“எங்க இருந்துது இத்தன நாளு?”

“எங்கூட்டுப் பரண்ல. நாந்தான் கட்டி வெச்சிருந்தேன்.”

அவள் அவனை முதல் தடவையாக முகத்துக்கு நேரே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். அவள் ஃபில்டரை அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

“ஸ்டாண்டுல எல்லாருகிட்டயும் சொல்லிப்போடறேனுங்க” என்றான். “இன்னைக்கே. எம்மேலதான் தப்புன்னு.”

“வேண்டாமுங்க. வாயில சொன்னதெ வாயில அழிக்க முடியாது. ஆறு வருசம் சொல்லியிருக்கறீங்க. மாத்திச் சொல்லி முடிக்க இன்னொரு ஆறு வருசம் ஆகும். அதுக்குள்ள நான் என்ன பண்ணட்டும்?”

கமலாத்தாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையைப் பார்த்தாள். நாலு பேர் இப்போது ஆறு பேராகியிருந்தார்கள். அப்புறம் அவன் காரைப் பார்த்தாள், கதவில் இருந்த செம்மண்ணைப் பார்த்தாள். போய் பம்பு சுவிட்சைப் போட்டாள். குழாய் ஒரு தடவை உதறிக்கொண்டு எழுந்தது.

“ஏத்துங்க.”

ஏற்றினான். இறங்கினான். பழக்கத்தில் கை தானாகவே கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டது. போட்டபிறகுதான் உணர்ந்து, வெளியே எடுத்து அவளிடம் நீட்டினான்.

“சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். “டீக்கடைக்கு மட்டும் போயிராதீங்க. அவங்க எல்லாரும் பாக்கற மாதிரி இந்தக் கல்லு மேல உக்காருங்க. நான் தொடச்சு முடிக்கிற வரைக்கும் கண்ண எடுக்காமப் பாத்துட்டே இருங்க.”